பரணியல்: எட்டுக்குப் பத்து அறை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

திருச்சி–தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலம் தாண்டித் திருவெறும்பூர் வருவதற்குள் இருக்கிறது காட்டூர். இதன் சுற்றுவட்டாரத்தில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை. பெல் ஆலை உயரழுத்தக் கொதிகலன் செய்கிறது. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய என்.ஐ.டி. மீதி எல்லாவற்றையும் கற்பிக்கிறது. பற்றவைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இங்கே இருக்கிறது. இத்தனை இருந்தும், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பையனின் அறையில் சாக்ஸ் ஏன் ஒற்றையாகவே கிடைக்கிறது என்பதை இதுவரை எவரும் ஆராயவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களம்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது காட்டூரில் ஒரு வீட்டின் மாடியில், பின்பக்கத்து அறை. நீளம் பத்தடி, அகலம் எட்டடி, உயரம் பத்தடி. பரப்பு 80 சதுர அடி, அதாவது 7.43 சதுர மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு வீட்டின் இரண்டாவது அறைக்குக் குறைந்தது 7.5 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. குறைபாடு ஓர் ஏ4 தாளைவிடச் சற்றே அதிகம். சுவருக்குப் பூச்சு கொஞ்சம் தாராளமாக விழுந்திருக்கலாம் என்று மேஸ்திரிக்குச் சந்தேகத்தின் பலனை அளித்து மேலே செல்வோம்.

அறைக்கு உரியவன் தம்பி. அவன் அக்கா கல்யாணமாகிப் போனதால் அறை அவனுக்கு வந்தது. அக்கா போனாள், அவள் தையல் மெஷின் போகவில்லை.

3. முன்னோர் கண்டவை

சிறிய படுக்கையறை பற்றிய சிந்தனை நமக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்ற குகையில், சமணத் துறவியருக்காகப் பாறையில் செதுக்கிய 17 படுக்கைகள் உள்ளன. தலைமாட்டில் தலையணை போலக் கல்லைச் சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். அருகே தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. பரண் இல்லை, அலமாரி இல்லை, கட்டிலுக்கடியில் டிராயர் இல்லை. படுத்தவர்களிடம் உடைமை இல்லாததால் வைப்பிடச் சிக்கலும் எழவில்லை. இத்தீர்வைத் தம்பிக்குப் பரிந்துரைக்கலாம்தான். நீட் கோச்சிங் மெட்டீரியலைத் துறக்க வீட்டார் சம்மதிக்கமாட்டார்கள்.

மேலைநாட்டுச் சான்றுக்கு வருவோம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1952-ல் மத்தியதரைக் கடலோரம் தனக்கென ஒரு மரக்குடில் கட்டினார். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், நம் கணக்கில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. உலகமே வியக்கும் சிற்றறை அது. வியப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் சமையலறை கிடையாது. பக்கத்திலேயே உணவகம் இருந்தது, அங்கே சாப்பிட்டுக்கொண்டார். ஆகவே அரிசி மூட்டை வைக்கும் பிரச்சினையை அவர் சந்திக்கவே இல்லை. தம்பியின் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே நிற்பது இருபத்தைந்து கிலோ சிப்பம்.

உள்ளூர்ச் சான்று இதைவிடப் பெரிது. நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இடம்பெயர்ந்து வந்த பொன்மலை ரயில்வே பணிமனை, காட்டூருக்குக் கூப்பிடு தூரம். அங்கே பழுதுபார்க்கப்படும் படுக்கை வசதிப் பெட்டியைப் பாருங்கள். பகலில் முதுகு சாயும் பலகை, இரவில் நடுப் படுக்கை. அடியில் பெட்டி, ஓரத்தில் கொக்கி. ஒரு தடுப்பில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். சிற்றறை வடிவமைப்பைக் கரைத்துக் குடித்தவர்கள் நம் ரயில்வேகாரர்கள். ஆயினும் நடுப் படுக்கையை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையே விரிக்கலாம் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு எழும் வயதினருக்கு இவ்விதி பொருந்தாது.

4. இலக்கண நெறி

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். பின்னர் கருப்பொருள், உரிப்பொருள் என்று வகுத்தார். அந்நெறியில் இவ்வறையை நோக்குவோம். நிலம்: எட்டுக்குப் பத்து. சிறுபொழுது: நள்ளிரவு. பெரும்பொழுது: ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய மாதம். கருப்பொருள்: சார்ஜர், இயர்போன், கிரிக்கெட் மட்டை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், கை படாத மாதிரி வினாத்தாள். உரிப்பொருள்: ஊடல், அஃதாவது கதவைச் சாத்திக்கொள்ளுதலும் சாத்திக்கொள்ளுதல் நிமித்தமும்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் கருத்து. அதுபோல இவ்வறைக்கும் தனி இயல்பு இல்லை. ஹாலும் ஸ்டோர் ரூமும் இயல்பு திரிந்த இடம் இது என்க. விருந்தாளி வந்தால் ஹாலில் உள்ளவை இங்கே வரும். விருந்தாளி தங்கினால் விருந்தாளியே இங்கே வருவார்.

5. நாற்காலி அகழாய்வு

உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தனர். மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கிக் காலம் கணிக்கும் அம்முறையைத் தம்பியின் படிப்பு நாற்காலிமேல் கையாண்டோம். கிடைத்த அடுக்குகள் வருமாறு:

முதலடுக்கு: நேற்று மாலை டியூஷனுக்குப் போட்ட டி-ஷர்ட். இரண்டாமடுக்கு: பள்ளி பேண்ட்; பையில் பஸ் டிக்கெட் ஒன்றும் ஒற்றை சாக்ஸும். மூன்றாமடுக்கு: ஈரம் காயாத துண்டு. நான்காமடுக்கு: அம்மா துவைத்து, மடித்து, "அலமாரியில எடுத்து வைடா" என்று சொல்லி வைத்துவிட்டுப் போன துணிகள், மடிப்புக் கலையாமல்.

தொல்லியலில் கீழே போகப் போகப் பழமை. இங்கே கீழே போகப் போகத் தூய்மை. இதுவே இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு. இரண்டாவது, நாற்காலிமேல் துணி சேர்வதற்குக் காரணம் சோம்பல் என்ற மரபுக் கருத்து பிழை. வீட்டின் துணியியல் இரண்டே வகையை ஒப்புக்கொள்கிறது: துவைத்தது அலமாரிக்கு, அழுக்கு கூடைக்கு. ஒருமுறை போட்ட, இன்னொரு முறை போடக்கூடிய துணிக்கு வீட்டில் எங்கும் குடியுரிமை இல்லை. அது நாற்காலியில் அகதியாக ஒதுங்குகிறது. கதவுக்குப் பின்னால் ஐந்து கொக்கி அடித்தால் நாற்காலி விடுதலையாகும். உட்கார்ந்து படிக்கவும் இடம் கிடைக்கும். படிப்பானா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

6. கன அடிக் கணக்கு

சிற்றறையைச் சதுர அடியில் அளப்பது பொதுவழக்கு. வைப்பிடம் என்பதோ கன அடி விவகாரம். எட்டடிச் சுவரில் இரண்டடி அகலம், மூன்றடி உயரத்தில் பரண்: 48 கன அடி. நாலடி அகலம், இரண்டடி ஆழம், ஏழடி உயரத்தில் அலமாரி: 56. கட்டிலுக்கடியில் ஓரடி உயரத்துக்கு ஏறக்குறைய 19. ஆக 123 கன அடி. ஒரு பையனுக்கு இது ஏராளம்.

யார் வசம் எவ்வளவு என்று பார்த்தோம். பரணில் அம்மாவின் சீர்வரிசைப் பித்தளை அண்டா, அப்பாயியின் ட்ரங்குப் பெட்டி, டி.வி. வந்த அட்டைப்பெட்டி. டி.வி.க்கு வாரண்டி முடிந்துவிட்டது, பெட்டிக்கு முடியவில்லை. கட்டிலுக்கடியில் சூட்கேஸுக்குள் சூட்கேஸ். அலமாரியின் மேல்தட்டில் ரஜாய், கீழ்த்தட்டில் மிக்ஸி ஜார், நடுவே கல்யாண ஆல்பங்கள். தம்பிக்கு இரண்டு தட்டு. தட்டுக்குப் பத்துக் கன அடி வீதம் இருபது. அதாவது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு.

பண்டைய வேந்தர் குடிகளிடம் விளைச்சலில் ஆறில் ஒன்றை இறையாகப் பெற்றனர் என்பது நாம் அறிந்ததே. இவ்வீட்டு அரசு ஆறில் ஐந்தை எடுத்துக்கொண்டு ஒன்றைக் குடிமகனுக்கு விடுகிறது. பிறகு அவனைப் பார்த்து, "ரூம ஏன்டா இப்படிப் போட்டு வச்சிருக்க?" என்கிறது.

7. தீர்வுகளும் அவற்றின் தீமைகளும்

(அ) மேல்கட்டில். கட்டிலை உயர்த்திக் கீழே மேசை போடும் முறை படங்களில் அழகாக இருக்கும். அப்படங்களில் மின்விசிறி இருக்காது. பத்தடிக் கூரையிலிருந்து ஒன்றரையடி இறங்கினால் விசிறியின் இறக்கை எட்டரையடியில் சுழலும். ஐந்தரையடியில் மெத்தை, உட்கார்ந்த பையனின் உயரம் ஏறத்தாழ மூன்றடி. கூட்டிப் பார்த்தால் இறக்கையும் தலையும் ஒரே மட்டத்தில் சந்திக்கும். போதாததற்கு, மே மாதத்து மொட்டைமாடித் தளத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் படுத்தவன் விடியுமுன் வெந்துவிடுவான். இம்முறை நிராகரிக்கப்படுகிறது.

(ஆ) இரும்புக் கட்டில். இவ்வட்டாரத்து வெல்டரிடம் ஒன்றரை இன்ச் பைப்பில் கட்டில் கேட்பது ஆபத்து. "பையன் வளர்ற பையன் சார், மூணு இன்ச்சே போட்ருவோம்" என்பார். கொதிகலன் தாங்கி செய்து பழகிய கை. கட்டில் நூறாண்டு நிற்கும். மாடியேற்ற எட்டுப் பேர் வேண்டும்.

(இ) டிராயர் வைத்த தாழ்ந்த கட்டில். இதுவே ஏற்புடையது. இழுப்பதற்கு நல்ல சேனல் போடவேண்டும். கட்டிலுக்கு எதிரே இரண்டடியாவது காலியாக இருக்கவேண்டும். ப்ளைவுட் ஐ.எஸ். 710 தரமாக இருந்தால் ஐப்பசி ஈரத்துக்குத் தாங்கும். தரையை ஒட்டி வைக்கும் பொருளுக்குக் கரையானும் ராமபாணப் பூச்சியும் பங்காளிகள்; பின்னதற்கு அந்துருண்டை உதவும்.

(ஈ) புத்தகத் தட்டு. துணி அலமாரிக்கு இரண்டடி ஆழம் சரி. அதே ஆழத்தில் கடப்பாக் கல் பதித்துப் புத்தகம் அடுக்கினால் இரண்டு வரிசையாகும்; பின்வரிசையில் உள்ள வேதியியல் இரண்டாம் தொகுதி தேர்வு முடிந்தபின் வெளிப்படும். புத்தகத்துக்கு ஓரடி ஆழம் போதும்.

(உ) கதவு. இரண்டரையடிக் கதவு உள்பக்கம் திறந்தால் கால்வட்டமாகச் சுமார் ஐந்து சதுர அடியை விழுங்கும். வெளிப்பக்கம் திறக்க வைக்கலாம். ஆனால் ஊடலின்போது அறைந்து சாத்தும் வசதி குறையும். உரிப்பொருளுக்கு ஊறு என்பதால் இது தம்பியின் ஒப்புதலுக்கு விடப்படுகிறது.

8. மறுப்பும் விடையும்

"எல்லாம் சரி, டிராயர்ல ஒண்ணுக்குப் பூட்டு கேக்குறானே, அது எதுக்கு? அப்படி என்னத்த மறைக்கிறான்?" என்பது அம்மாவின் மறுப்பு. பீரோவுக்குள் லாக்கரும், லாக்கருக்குள் ரகசிய அறையும், அதன் சாவியைப் புடவை மடிப்புக்குள்ளும் வைத்திருப்பவர் எழுப்பும் கேள்வி இது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். அப்பாயியின் ட்ரங்குப் பெட்டிக்கும் பூட்டு உண்டு. அதில் என்ன இருக்கிறது என்று இவ்வீட்டில் யாரும் கேட்டதில்லை.

9. முடிவு

அடுத்த ஊரான திருவெறும்பூர் மலைமேல் எறும்பீசுவரர் இருக்கிறார். தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு உருவில் வழிபட வந்தார்களாம். லிங்கத்தில் ஏறமுடியாமல் வழுக்கியதாம். இறைவன் தன்னைப் புற்றாக்கிக்கொண்டு சற்றே சாய்ந்து கொடுத்தான் என்கிறது தலபுராணம். சிறியவர்கள் ஏற இடமில்லாதபோது சாய வேண்டியவர் பெரியவர் என்ற வடிவமைப்பு விதியை நாம் இங்கிருந்து பெறுகிறோம்.

ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு: அறை சிறிதன்று, குடியிருப்போர் அதிகம். அதில் தம்பி ஒருவனே உயிருள்ளவன். டிராயர், கொக்கி, மடக்கு மேசை எது செய்தாலும், செய்த அன்றே வீட்டுச் சாமான் அதற்குள் புகுந்துவிடும். எனவே தச்சரைக் கூப்பிடுமுன் பரணில் ஏறுங்கள். தையல் மெஷினை அக்கா வீட்டுக்கு அனுப்புங்கள். அண்டாவை இறக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், அல்லது புழங்குகிறவர்களுக்குக் கொடுங்கள். அப்பாயியின் பெட்டியைத் தொடவேண்டாம்.

டி.வி. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். போகிக்கு எரிக்காதீர்கள், உள்ளே தெர்மாகோல் இருக்கிறது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்குக் கேட்பது அதைத்தான், பெட்டியை அல்ல.