கத்துறது ஃபேனு, மாத்துறது கம்ப்யூட்டரா?

ஏங்கண்ணு, உம்பட கம்ப்யூட்டரு சுச்சைப் போட்டதும் கர்ர்ருனு கத்துதாமா? அதனால புதுசு வாங்கோணும்கிறயாமா? நல்லா இருக்குது உன்ற ரோசனை. சத்தம் போடறதையெல்லாம் மாத்தறதுன்னா மொதல்ல நம்மூட்டு ஆளுகளைத்தான் மாத்தோணும்.

கடைக்காரன் சொன்னானாமா? "இது பழைய மாடலுங்க, பார்ட்ஸ் கெடைக்காதுங்க, புதுசாவே போட்டுக்கலாமுங்க." சொல்லாம என்ன பண்ணுவான்? உன்ற காசை உனக்கே திருப்பிக் குடுக்கறதுக்கா கடை தொறந்து வெச்சிருக்கறான்? கேபினட்டு முதுகுல சுத்தற ஃபேனு இருபது வருசத்துக்கு முந்தியும் அதே சதுரம், அதே நாலு ஓட்டை, அதே 12 வோல்ட்டுதான். பார்ட்ஸ் கெடைக்காதாமல்ல!

நம்ம அந்தியூரு குருநாதசாமி ஆடி நோம்பிக்குக் குதிரைச் சந்தை பாத்திருக்கறயல்ல? குதிரை நொண்டுனா யாவாரி நாலு காலையும் தூக்கிப் பாக்கறானா இல்லையா? நீ எந்த ஃபேனு கத்துதுன்னு பாத்தியா? உள்ள ஒண்ணுதான் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற. ப்ராசஸர் தலைமேல ஒண்ணு, கேபினட்டுப் பின்னால ஒண்ணு, கரண்டு குடுக்கற எஸ்.எம்.பி.எஸ். பொட்டிக்குள்ள ஒண்ணு. பக்கத்துத் தகட்டைக் கழட்டு. கண்ணுக்குத் தெரியற ஃபேனு ஓடறப்பவே, அதோட நடுக்குமிழ்ல பென்சிலோட ரப்பர் முனையை ஒரு நொடி வெய்யி. எறக்கைக்குள்ள கீது உட்டுறாத. எது நின்னா சத்தம் நிக்குதோ அதான் ஆளு. எது நின்னும் டக்கு டக்குனு கேக்குதா? ஹார்டு டிஸ்க்கா இருக்கும். அப்ப ஃபேனை உட்டுப்போட்டு, உன்ற கணக்கையும் கல்யாண போட்டோவையும் மொதல்ல வேற எடத்துல காப்பி எடுத்து வெய்யி.

சத்தத்துலயும் ரகம் இருக்குது. காலையில கர்ருனு கத்தி, சித்த நேரத்துல அடங்குனா புஷ்ஷு வறண்டு போச்சுன்னு அர்த்தம். எந்நேரமும் புஸ்ஸுனு காத்துச் சத்தமே பெருசாக் கேட்டா ஃபேனு மேல குத்தமே இல்ல. அந்தியூருப் புழுதி. பவானிப் பக்கம் ஜமக்காளத் தறி ஓடற ஊடுன்னா நூல் பஞ்சு வேற. ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் அடைச்சுக்கும். சூடு ஏற ஏற மதர்போர்டு ஃபேனை வெரட்டும், அது உசுரைக் குடுத்துச் சுத்தும். அதைப் போய் வையறயே? ப்ளக்கைப் புடுங்கிப்போட்டு, காஞ்ச பெயிண்டு பிரஷ்ஷுல தட்டி ஊதி எடு. ஊதறப்ப எறக்கையைப் புடிச்சுக்கோ. வேடிக்கைன்னு வேகமாச் சுத்த உட்டா இருக்கற புஷ்ஷும் போயிரும்.

"தேங்கா எண்ணெய் உட்டேன் அப்பாரு"ங்கற. தலைக்குத் தேய்க்கறதை மெசினுக்கு ஊத்துனா புழுதியோட சேந்து பிசினாகாம என்ன ஆகும்? தையல் மெசின் எண்ணெய், நடு ஸ்டிக்கரை மெல்ல உரிச்சு ஒரே ஒரு சொட்டு. எல்லா ஃபேனும் அதுக்கு வழி உடாது. உட்டாலும் கொஞ்ச நாளைக்குத்தான். தேஞ்ச புஷ்ஷு திரும்ப வளருமா?

செரி, மாத்தித்தான் ஆகோணும். அதுக்கு வானவில் லைட்டு எரியற ஃபேனு ஆறு வேணுமாமா! கேபினட்டு மேசைக்கடியில, முன்னால சாக்கு மூட்டை. அந்த வெளிச்சத்தை யாரு பாக்கறது, எலியா? அப்பறம் தண்ணி ஓடிக் குளிர்விக்கிற செட்டாமா. நீ போடறது வெத்தலைக் கணக்கு. தண்ணி மிச்சமிருந்தா கொடிக்காலுக்குப் பாச்சு.

அளவு எடுக்கறதுலதான் படிச்ச புள்ளைகளே கோட்டை உடுதுக. ஓட்டைக்கு ஓட்டை அளந்து 105 மில்லி ஃபேனு குடுன்னு கேட்டா எவன் குடுப்பான்? சட்டத்தோட வெளி ஓரத்தை அளந்தா அது 120. ஓட்டை 71.5 இருந்தா 80 மில்லி ஃபேனு. தடிமன் பெரும்பாலும் 25. செருகற எடத்தையும் பாரு, மூணு பின்னா நாலு பின்னா. நாலு பின் எடத்துல மூணு பின் ஃபேனும் ஒக்காந்துக்கும். ஆனா பல பழைய போர்டுல அது வேகத்தைக் கொறைக்கத் தெரியாம முழு மூச்சா ஓடும். புதுசு போட்டும் சத்தம் போகலைன்னு அப்பறம் ஏங்கிட்ட வந்து நிப்ப.

சட்டத்து ஓரத்துல சின்னதா அம்புக்குறி போட்டிருக்கும், காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு. அதைப் பாக்காம, பின் பக்கத்து ஃபேனைத் திருப்பி மாட்டி, வெளிய போற அனலை உள்ள ஊத உட்டவங்களை நான் பாத்திருக்கறேன். சித்திரை வெய்யிலு பத்தலைன்னு நெனச்சுட்டாங்களாட்டம் இருக்குது. ப்ராசஸர் ஃபேனை ஹீட் சிங்க்கோட கழட்டுனா, காஞ்சு போன பேஸ்ட்டைச் சுத்தமாத் தொடைச்சுட்டு, பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்ட்டு வெய்யி. தோசைக்கு நெய் ஊத்தறயா என்ன, வழிய வழிய?

எஸ்.எம்.பி.எஸ். பொட்டியை மட்டும் தொறக்காத சாமி. வெளையாட்டுக்குச் சொல்லுல. ப்ளக்கைப் புடுங்குன பொறகும் உள்ள இருக்கற கண்டன்சர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். அந்தப் பொட்டிதான் கத்துதுன்னா முழுசா மாத்து, இல்லைனா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடு.

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக் குடுத்துக்கிட்டிருந்த சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட்காரன் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திப்போட்டான். அதுக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கறேன்னு சொல்லு, உன்ற அப்பன்கிட்ட நானே பேசறேன். ஃபேனு கத்துச்சுன்னு மட்டும் சொல்லிக்கிட்டு வராத.