வெற்றித் தேவதையின் காசுகள்

கேள்வி: ரோமானிய வெற்றித் தேவதை விக்டோரியா பொறித்த காசுகளைச் சேர்ப்பது பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகுமா?

பதில்: பொற்காசு என்றால் ஆம். செப்புக் காசு என்றால் சாமானியருக்கும் எட்டும். கி.மு. 211 அளவில் வெளிவந்த ‘விக்டோரியாட்டஸ்’ வெள்ளிக் காசுக்கே அவள் பெயர்தான். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் சிறு செப்புக் காசுகளில் அவளை ஏராளமாக அச்சடித்தார்கள். அதனால்தான் இன்று மலிவு. கரூர் அமராவதி ஆற்றுமணலில்கூட ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. காசில் உள்ள பெண்ணுருவத்துக்குச் சிறகு, கையில் மாலை, குருத்தோலை இருந்தால் அவளேதான்.

வெற்றி பெற்றவர்கள்தான் அவளைப் பொறித்தார்கள் என்று நம்பிவிடக் கூடாது. ரோமானியப் பேரரசர் வலேரியன் அவளைக் காசில் வைத்தார். கி.பி. 260-இல் பாரசீகரிடம் சிறைப்பட்டார். பேரரசர் வாலென்ஸும் வைத்தார், 378-இல் அட்ரியானோபிள் போரில் படையோடு மாண்டார். தேர்தல் சுவரொட்டியை முடிவாக எடுத்துக்கொள்வோர் உண்டா என்ன?

பேரரசு கிறித்தவமான பிறகும் அவள் பதவி இழக்கவில்லை. பழைய தெய்வங்கள் பலவும் காசைவிட்டு வெளியேற, இவள் கையில் சிலுவையை ஏந்தி ஒட்டிக்கொண்டாள். 6-ஆம் நூற்றாண்டில், பேரரசர் முதலாம் ஜஸ்டின் காலப் பொற்காசில், அந்த இடத்துக்கு ஆண் தேவதூதர் வந்து சேர்ந்தார்.

வாங்கிய செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்ப்பது கூடாது: பச்சைப் படிவோடு மதிப்பும் போய்விடும்.