நீங்களும் குடோன் நடத்தலாம்

காளான் வளர்ப்பு, முயல் பண்ணை, மெழுகுவர்த்தித் தயாரிப்பு என்று சுயதொழில் புத்தகங்கள் படித்துச் சலித்துப்போனவர்களுக்காக இந்த வழிகாட்டி. ஊருக்கு வெளியே நாலுவழிச் சாலை ஓரம் இருபது ஏக்கர் வளைத்து, தகரக் கூரை வேய்ந்து, நாலாயிரம் பேரை உள்ளே விட்டு, 'இன்று ஆர்டர் போட்டால் நாளை வீட்டு வாசலில்' என்று விளம்பரம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் மட்டும் மேலே படிக்கவும். முதல் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு முயல் பண்ணையே நல்லது.

குடோனில் இருப்பது செல்போன் கவரும் ஷாம்புவும் குக்கரும்தான் என்று நினைத்தால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவராது. அவையெல்லாம் யாரோ செய்து யாரோ வாங்குபவை. நீங்கள் உண்மையில் கையாளும் சரக்கு ஆட்களின் நிமிடம். அதை மலிவாக வாங்க வேண்டும், ஒன்றுகூடச் சிந்தாமல் செலவழிக்க வேண்டும், முடிந்தால் கொஞ்சத்தைக் காசு கொடுக்காமலே எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றதை லாரி பார்த்துக்கொள்ளும்.

கூலியைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கொடுப்பதைச் சத்தமாகக் கொடுங்கள், போதும். அமேசான் 2018 அக்டோபரில், தன் அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் என்று அறிவித்தது. அதுவரை திட்டிக்கொண்டிருந்த செனட்டர் பெர்னி சாண்டர்ஸே பாராட்டினார். அதே கையோடு, கிடங்கு ஆட்களுக்கு வந்துகொண்டிருந்த மாத ஊக்கத்தொகையும் நிறுவனப் பங்குகளும் நிறுத்தப்பட்டன. நீண்ட நாள் வேலை செய்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து 'எங்களுக்குக் குறைகிறதே' என்று கூச்சல் போட்ட பிறகு, அவர்களுக்குச் சற்றுக் கூட்டித் தரப்பட்டது. தலைப்புச் செய்தியில் கூட்டி, சிறிய எழுத்தில் கழிக்க வேண்டும். ஆள் எடுப்பதை ஏஜென்சியிடம் விட்டுவிடுங்கள். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தது எங்கே போனது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு விரலும் ஒரு திசையும் வேண்டும் அல்லவா? ஏஜென்சி கூலி கொடுக்காமல் ஏமாற்றினால் முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று 1970 முதல் இந்தியச் சட்டம் சொல்லிவருகிறது. அந்தப் பக்கத்தைக் கட்டிங் எடுத்துச் சுவரில் ஒட்டாதீர்கள்.

இனி வாசல். குடோனில் அதிக லாபம் தரும் இடம் இதுதான், பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எதையாவது மடியில் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று சோதிக்க வேண்டும். சோதிப்பதற்கு ஒரே ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்குங்கள். வரிசை நீளும், நீளட்டும். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் அமேசான் கிடங்குகளில் வேலை பார்த்த ஏஜென்சி ஆட்கள், தினமும் சுமார் 25 நிமிடம் இப்படி நிற்கிறோம், அதற்குக் கூலி கொடு என்று வழக்குப் போட்டார்கள். 2014 டிசம்பர் 9 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: கொடுக்க வேண்டியதில்லை. அலமாரியிலிருந்து பொருள் எடுத்துக் கட்டத்தான் ஆளை வைத்தார்கள், சோதனைக்கு நிற்க வைக்கவில்லை; ஆகவே நிற்பது வேலை ஆகாது. நிற்க மாட்டேன் என்று ஒருவர் நேராக நடையைக் கட்டினால் மறுநாள் வேலை இருக்குமா என்பது வேறு கேள்வி.

கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 250 வேலை நாள், நாளுக்கு 25 நிமிடம்: ஆளுக்கு 104 மணி நேரம். பத்து மணி நேர ஷிப்டில் பத்து நாள் உழைப்புக்குச் சமம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பென்சில்வேனியா பக்கம் கடை போடாதீர்கள். எங்கள் மாநிலச் சட்டப்படி அதுவும் வேலை நேரம்தான் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் அபசகுனமாகச் சொல்லிவிட்டது.

உள்ளே வந்ததும் ஆளின் கையில் ஸ்கேனரைக் கொடுங்கள். பார்கோடைப் படிப்பது அதன் உபதொழில். ஒரு பீப் சத்தத்துக்கும் அடுத்த பீப் சத்தத்துக்கும் நடுவே எத்தனை வினாடி ஓடியது என்று எழுதிவைப்பதுதான் அதன் பிழைப்பு. பால்டிமோரில் ஒரு அமேசான் கிடங்கில், 2017 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வேகம் போதாது என்று சுமார் 300 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை நடுவே விடும் இடைவெளியைக் கணினியே கணக்கிட்டது, எச்சரிக்கையைக் கணினியே தயாரித்தது, நீக்க உத்தரவையும் அதுவே தயாரித்தது. சூப்பர்வைசர் குறுக்கிட்டு மாற்றலாம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. மாற்றலாம்தான். ஆனால் ஒரு மனிதனை வேலையை விட்டுத் தூக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டார்கெட்டை எழுத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் அமலான சட்டம் ஒன்று, இலக்கை எழுதிக் கொடு, சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் போக முடியாதபடி இலக்கு வைக்காதே என்கிறது. எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்லி இரண்டு கிடங்குகளுக்காக 2024ல் அமேசானுக்கு 59 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். நிறுவனம் எங்களிடம் அப்படி நிலையான இலக்கே கிடையாது என்றது. இல்லாத ஒன்றை எப்படி எழுதிக் கொடுப்பது? இந்தப் பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கழிப்பறை என்றதும் மானேசர் நினைவுக்கு வர வேண்டும். ஹரியானாவில் உள்ள அந்த ஊர் அமேசான் கிடங்கில், 2024 மே மாதம் ஒரு நாள், தேநீர் இடைவேளை முடிந்ததும் ஆட்களை நிறுத்தி உறுதிமொழி வாங்கினார்கள்: 24 அடி நீள லாரிகள் ஆறில் உள்ள சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போக மாட்டோம். வட இந்திய வெயில் உச்சத்தில் இருந்த நேரம். வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் உழைத்து மாதம் 10,088 ரூபாய் வாங்குவதாக அங்கிருந்த ஓர் இளைஞர் பத்திரிகைக்குச் சொன்னார். செய்தி வெளியானதும் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. விசாரித்த நிறுவனம், இது தனிப்பட்ட ஒரு சம்பவம், சம்பந்தப்பட்டவர்மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்றது. பள்ளிக்கூடத்தில் கையை நீட்டிச் சொன்ன உறுதிமொழிக்குப் பிறகு இந்தியக் குடிமகன் சிறுநீர்ப்பைக்காகச் சொன்ன உறுதிமொழி இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் புத்திசாலி, உறுதிமொழி எல்லாம் வாங்காதீர்கள். கழிப்பறையைக் கட்டடத்தின் மறுகோடியில் வையுங்கள். மிச்சத்தை ஸ்கேனர் செய்யும்.

வெயிலுக்கு ஏ.சி. போட்டுக் காசைக் கரியாக்க அவசரப்பட வேண்டாம். பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கில் 2011 கோடையில் அமேசான் வாசலில் ஆம்புலன்ஸையே நிறுத்தி வைத்திருந்தார்கள். மயங்கி விழுபவரை ஏற்றிச் செல்ல வசதி. உள்ளூர்ப் பத்திரிகை அதை எழுதி ஊரே சிரித்த பிறகுதான் குளிரூட்டக் கோடிக்கணக்கில் செலவு. மனசு சூடாகிறவர்களுக்கு 2021ல் ஒரு யோசனை வந்தது: பழைய டெலிபோன் பூத் அளவில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு திரை, ஒரு மின்விசிறி. அதில் போய் அமர்ந்து மனதை அமைதிப்படுத்திக்கொள்ளலாம். 'அமாஸென்' என்று பெயரிட்டு நிறுவனமே வீடியோ போட்டது. கிண்டல் தாங்காமல் நிறுவனமே எடுத்தும்விட்டது. ஒன்று கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். உள்ளே போய் வரும் நேரத்தை ஸ்கேனர் எந்தக் கணக்கில் எழுதும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

சங்கம் வைக்கப் பார்ப்பார்கள். பயப்படாதீர்கள். அலபாமா மாநிலம் பெஸ்ஸமர் கிடங்கு வாசலில், சிவப்பு விளக்குக்கு நிற்கும் கார்களை அணுகித்தான் சங்கத்தார் ஆட்களோடு பேசுவார்கள். ஷிப்ட் மாறும்போது நெரிசலாக இருக்கிறது என்று நிறுவனம் மாவட்ட நிர்வாகத்திடம் முறையிட, 2020 டிசம்பரில் பச்சை விளக்கின் நேரம் நீட்டப்பட்டது. காரும் நிற்கவில்லை, பேச்சும் நடக்கவில்லை. குடோனுக்கு வெளியே, நடுரோட்டில், சம்பளம் இல்லாத வினாடிகளைக்கூட விட்டுவைக்காத இந்தக் கூர்மை நமக்கெல்லாம் எப்போது வருமோ. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் அப்படியும் 2,654 பேர் சங்கம் வேண்டும் என்றும் 2,131 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்திருந்தது 2022 ஏப்ரல் 1 அன்று எண்ணி முடித்தபோது தெரிந்துவிட்டது. அந்த ஒரே ஆண்டில் சங்க எதிர்ப்பு ஆலோசகர்களுக்கு அமேசான் 1.4 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. பணம் வீணாகவில்லை: இரண்டு ஆண்டு கழிந்தும் கூலி ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஆட்கள் வெறுத்துப்போய் ஓடுவார்களே என்கிறீர்களா? அமெரிக்கக் கிடங்குகளில் ஆண்டுக்குச் சுமார் 150 சதவீதம் ஆள் மாறுகிறார்கள் என்று 2021ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஓடுகிறவனுக்கு ஊதிய உயர்வு கொடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் குடோன் போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் செலவு. நாள் முழுக்க நின்றே கால் வீங்கும் கடை ஊழியர்களுக்காக, 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளா 2018லேயே செய்துவிட்டது. எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்வதற்காக என்கிறது திருத்தம். கவனமாகப் படியுங்கள். இருக்கை தரச் சொல்கிறார்கள். வாய்ப்பு தரச் சொல்லவில்லை. ஆகவே தயங்காமல் நல்ல பிளாஸ்டிக் நாற்காலியாகப் பார்த்து மொத்தமாக வாங்கி, தலைக்கு ஒன்று என்று வரிசையாகச் சுவரோரம் போட்டுவிடுங்கள். தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறவரை முதலில் அதில் உட்காரச் சொல்லி, ஒரு காப்பி கொடுங்கள்.