ஃபார்ட்டியில் யூ கிடையாது

செக்கை நீட்டினால் மனிதர் தேதியைப் பார்க்க மாட்டார், கையெழுத்தைப் பார்க்க மாட்டார். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, தொகையை எழுத்தில் எழுதிய வரிமேல் விரலை ஊர விடுவார். ஃபார்ட்டியில் ‘யூ’ தட்டுப்பட்டால் போச்சு. இழவுச் செய்தி கேட்டதுபோல் ஒரு ‘ச்சு’ கொட்டுவார்.

“ஃபோர்ல யூ உண்டு. ஃபோர்ட்டீன்லயும் உண்டு. ஃபார்ட்டியில கிடையாது சார். உங்களுக்கு யாரு இங்கிலீஷ் எடுத்தது?”

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கப் பொருளாளர். வேறு யாரும் முன்வராததால் ஏகமனதாகத் தேர்வானவர். விடிவதற்குள் மாடிப்படி விளக்குகளை அணைப்பது, அடுத்த வீட்டுப் பேப்பரை முதலில் படித்துவிடுவது எல்லாம் உண்டு. அவை போகட்டும்.

‘யூ’வைத் தாண்டினால் ஹைஃபன். ட்வென்டி ஒன் தொடங்கி நைன்டி நைன் வரை, முழுப் பத்துகளை விட்டு, நடுவில் சின்னக் கோடு வேண்டும். ஒன் ஹண்ட்ரடுக்கு வேண்டாம். ஹண்ட்ரடுக்குப் பின்னால் ‘அண்ட்’ கட்டாயம். அதை விடுவது அமெரிக்கர்கள் பழக்கமாம், மெயின்டனன்ஸ் செக்கில் அது நடக்காது. விட்டுப்போன கோட்டைத் தானே போட்டுவிட அவர் கை துறுதுறுக்கும். ஆனால் செக்கில் தேதியைத் தவிர எதையும் திருத்தக் கூடாது என்று 2010-இல் விதி வந்துவிட்டது. ஆகவே, “இன்னொரு செக் எழுதிக் கொண்டாங்க.”

கோடு இல்லை என்று எந்த வங்கியாவது செக்கைத் திருப்பியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18 என்று ஆரம்பித்தார். எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் ஒரு தொகையும் இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும். “அப்ப எழுத்துதானே சார் பணம்?” ‘யூ’ சேர்ந்தால் நாற்பது நாற்பத்தொன்றாகிவிடுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. காபி ஆறிக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

பிள்ளைகளிடம் மட்டும் ஆள் வேறு. இங்கிலீஷ் எண்களில் எழுத்துகள் அகரவரிசையிலேயே அமைந்தது ஃபார்ட்டி மட்டும்தான் என்று அவர் சொன்னால், பிள்ளைகள் விரல்விட்டுச் சரிபார்ப்பார்கள். ஒருநாள், ஒன்றிலிருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை எழுதினாலும் ‘ஏ’ என்ற எழுத்தே வராது, தவுசண்டில்தான் முதலில் வரும் என்றார். மூன்றாம் மாடிப் பெண் யோசித்துவிட்டு, “நீங்க ‘அண்ட்’ போடச் சொல்வீங்களே தாத்தா, நூத்தி ஒண்ணுலயே வந்துடுமே?” என்றாள். மனிதர் வாயடைத்துப் போனார். பிறகு அப்படி ஒரு சிரிப்பு. அன்று பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் செலவில் ஐஸ்க்ரீம்.

இதையெல்லாம் ரசித்துவிட்டுப் போகலாம்தான், வாட்ச்மேன் சம்பளம் என்று ஒன்று இல்லாவிட்டால். செயலாளர் எழுதி, இவர் கையெழுத்துப் போட வேண்டிய செக் அது. போன மாதம் செயலாளர் நைன்டீனில் ‘ஈ’யை விட்டுவிட்டார். செக் கிழிந்தது. அடுத்ததில் ‘ஈ’ வந்தது, ஹண்ட்ரடுக்குப் பின் ‘அண்ட்’ வரவில்லை. அதுவும் கிழிந்தது. புத்தகத்தில் அதுதான் கடைசித் தாள். புதுப் புத்தகம் வந்து, வாட்ச்மேன் கைக்குப் பணம் சேர்ந்தபோது தேதி பன்னிரண்டு. வவுச்சரில் ட்வெல்ஃப்த் என்பதைப் பொருளாளர் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

அதுவரை தினமும் காலையில் கேட்டைத் திறந்துவிட்டு, “சார், செக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் வாட்ச்மேன். ஊரில் அவர் பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். மளிகைக்கடைப் பாக்கி வேறு. ‘ஈ’ எங்கே போனால் அவருக்கென்ன? சம்பளத்தை ஆன்லைனில் அனுப்பலாமே என்றால், “எழுத்துல தொகையே இல்லாம பணம் போறதா?” என்கிறார் பொருளாளர்.

போகட்டும் சார். முதல் தேதி காலையில் எண்ணிலேயே போகட்டும். வவுச்சர் புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது? பணம் போன பிறகு சாவகாசமாக உட்கார்ந்து எல்லாக் கோட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். தீர்மானத்தைத் தமிழில் எழுதிவிட்டேன்.