கடைசி சீட்டுக்கும் ஒரு கண் வேண்டும்

கேள்வி: பள்ளிப் பேருந்தில் சின்னப் பிள்ளைகளைப் பெரிய பையன்கள் சீண்டினால், தடுப்பது யார் பொறுப்பு?

பதில்: முதலில் உதவியாளர் பொறுப்பு. 2012-இல் வந்த தமிழ்நாட்டுப் பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகளின்படி, ஓட்டுநரைத் தவிர ஓர் உதவியாளரும் பேருந்தில் இருந்தாக வேண்டும். மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து மதுரைக்கு வரும் பேருந்தில் அவர் நிற்பது படிக்கட்டருகே. வம்பு நடப்பதோ கடைசி சீட்டில். டிபன் பாக்ஸைப் பிடுங்குவது, பட்டப்பெயர் வைப்பது, ஜன்னலோர இடத்தைப் பறிப்பது எல்லாம் அங்கேதான். ஓட்டுநருக்கு முதுகில் கண் இல்லை. அவர் பார்க்க வேண்டியது சாலையை. சின்னவர்களை முன்னால் உட்கார வைத்துவிட்டு உதவியாளர் பின்னால் நகர்ந்தாலே பாதி வம்பு அடங்கும். மிச்சத்தைப் பள்ளி பெற்றோரை அழைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். அடிக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. பள்ளி காது கொடுக்காவிட்டால், குழந்தைகள் உதவி எண் 1098.