தேலீஸ் மீஞ்சூரில் போர் போட்டிருந்தால்

"எல்லாம் தண்ணீர்தான்" என்று சொன்ன தேலீஸுக்குச் சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் ஒரு போர்வெல் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். முதல் சொம்பை வாயில் வைத்ததுமே "எல்லாம் உப்புதான்" என்று கொள்கையைத் திருத்தியிருப்பார்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கிக் கரையில் மிலீட்டஸ் என்ற துறைமுக ஊரில் இருந்தவர் இந்தத் தேலீஸ். நட்சத்திரம் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்தார் என்றும், வேலைக்காரப் பெண் ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள் என்றும் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். "காலடியில கெணறு இருக்கிறதே தெரியல, மேல என்னத்தப் பாக்குற சாமி?" என்பதுதான் அவள் கேட்டதன் சாரம். தத்துவ வரலாற்றின் முதல் விமர்சனம் அதுதான். இன்றுவரை அதற்குச் சரியான பதில் வரவில்லை.

படிப்பு சோறு போடுமா என்று ஊர் கேட்டது. தேலீஸ் ஒரு குளிர்காலத்தில் வட்டாரத்து ஆலிவ் செக்குகளை எல்லாம் சல்லிசாகக் குத்தகைக்குப் பிடித்தார். அறுவடை வந்ததும் வாய்க்கு வந்த வாடகை சொன்னார். வடசென்னையில் இதற்கு வேறு பெயர். அரிஸ்டாட்டில் இதை ஞானத்தின் கணக்கில் வரவு வைக்கிறார்.

அதே ஊரில் அடுத்து வந்த அனாக்சிமாண்டர், "எல்லாம் தண்ணீர் என்றால் நெருப்பு எங்கிருந்து வந்தது?" என்ற வில்லங்கத்தில் மாட்டி, எல்லையற்ற ஏதோ ஒன்றுதான் மூலம் என்று சமாளித்தார். அனாக்சிமெனிஸ், காற்று இறுக இறுக மேகம், தண்ணீர், மண், கல் என்று ஆகிறது என்றார். மீஞ்சூர்ப் பக்கத்து மொட்டைமாடியில் உலர்த்திய துணியின் மேல் படியும் அனல்மின் நிலையச் சாம்பலைக் கண்டிருந்தால் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார். பக்கத்து ஊர் ஹெராக்ளிட்டஸ், எல்லாம் நெருப்பு என்றார். ஒருவர் சொன்னதும் சரியில்லை. ஆனாலும் அண்ணன் சொன்னதைத் தம்பி அதே ஊரில் நின்று மறுக்கிறான். கடவுளைச் சாட்சிக்கு இழுக்காமல் மறுக்கிறான். அறிவியலுக்கு அவர்கள் விட்டுப்போன சொத்து இந்தச் சண்டைதான், விடைகள் அல்ல.

நம் பக்கமும் சளைத்ததில்லை. தவசி வேடத்தில் வஞ்சிக்குப் போன மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரையும் பிடித்து "உங்கள் கணக்கு என்ன?" என்று கேட்கிறாள். ஆசீவகர் அணுக்கணக்கு சொல்கிறார். கிரேக்கத்தில் அணுக்கணக்கு சொன்ன டெமாக்ரிட்டஸ் அங்கே இருந்திருந்தால் அவருக்கும் ஒரு திண்ணை கிடைத்திருக்கும்.

மீஞ்சூரின் தத்துவச் சிக்கல் 1960-களில் ஆரம்பித்தது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. நிலத்தடியில் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பை அண்டவிடாது. கொசஸ்தலை ஆற்று வட்டாரத்துக் கிணறுகளில் தொழிற்சாலைகளுக்காக உறிஞ்ச உறிஞ்ச, அந்தக் காவல் சரிந்தது. 1969-லேயே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உள்ளே கடல் குடியேறிவிட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் அது இரு மடங்கைத் தாண்டியது. மிலீட்டஸில் நேர்மாறு: ஆறு வண்டலைக் கொட்டித் தூர்த்ததில் துறைமுகத்தை விட்டுக் கடல் பல கிலோமீட்டர் ஓடிப்போனது. தேலீஸ் ஊரில் தண்ணீர் போனது, நம் ஊரில் கேட்காமலே வந்தது.

அரிஸ்டாட்டிலிடம் இந்த உப்புக்கு வைத்தியம் இருந்தது. கடல்நீர் ஆவியாகிக் குளிர்ந்தால் உப்பு இருக்காது என்று சோதித்தே சொன்னார், அது சரி. அதே சூட்டில், வாயடைத்த மெழுகுப் பானையைக் கடலில் இறக்கினால் சுவர் வழியே நல்ல தண்ணீர் கசியும் என்றும் எழுதினார். மெழுகில் தண்ணீர் கசியாது. குருநாதர் எழுதியாயிற்று, பானையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு யார் போவது?

2010-இல் அந்தப் பானை, கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை என்ற பெயரில், காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. மெழுகுக்குப் பதில் மெல்லிய சவ்வு. கசியட்டும் என்று காத்திருக்காமல், காற்றழுத்தத்தைப் போல் அறுபது மடங்கு அளவில் அழுத்தித் தள்ளுகிறார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு.

எந்தப் பொருளுக்கும் நான்கு காரணம் கேள் என்பார் அரிஸ்டாட்டில்: எதனால் ஆனது, என்ன வடிவம், யார் செய்தது, எதற்காக. கல் எதற்காக விழுகிறது என்று கேட்டால் வேலைக்காகாது என்று, நான்காவதை அறிவியல் 17-ஆம் நூற்றாண்டிலேயே கழற்றிவிட்டது. மீஞ்சூர் டீக்கடையில் அது மட்டும்தான் ஓடுகிறது. பெயர் மீஞ்சூருக்கு, ஆலை காட்டுப்பள்ளியில், குழாய் போவது சென்னைக்கு. "எதுக்குப்பா நம்ம பேரு?" என்கிறார் பெரியவர் ஒருவர், கிளாஸைக் கழுவி வைத்தபடி.