புறப்பாட்டுத் தாமதமும் மழலைப் பருவமும்: ஒரு திணையியல் ஆய்வு

முன்னுரை

அன்பின் ஐந்திணையை வகுத்த முன்னோர் காலத்தில் விமான நிலையம் இல்லை. அக்குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். சென்னை மீனம்பாக்கத்தில் காமராசர் பெயர் தாங்கிய உள்நாட்டு முனையத்தில், டெல்லி விமானத்துக்காகக் காத்திருக்கும் பெற்றோரும் அவர்தம் ஒன்றரை முதல் மூன்று வயதுக் குழந்தையும் இவ்வாய்வின் எல்லைக்குள் வருவர். கைக்குழந்தைகள் விலக்கப்பட்டனர், வைத்த இடத்தில் இருப்பவர்களை வைத்து ஆய்வு செய்வது அறமாகாது. பள்ளிப் பிள்ளைகளும் விலக்கப்பட்டனர். அவர்கள் வைஃபையில் இருந்ததால் நேர்காணலுக்குக் கிடைக்கவில்லை.

கருதுகோள்: தாமதம் பெரியவர்களை மட்டுமே தாக்கும் நோய். குழந்தைக்கு அது தொற்றுவதே இல்லை.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். இங்கு நிலம், கேட். பெரும்பொழுது, மார்கழியும் தையுமாகிய முன்பனி. சிறுபொழுதில்தான் சிக்கல்: காரணம் வைகறையில் பிறக்கிறது, காரியம் நண்பகலில் விளைகிறது. அதுவும் வேறு ஊரில்.

டெல்லியில் விடியுமுன் மூடுபனி இறங்குகிறது. அங்குள்ள கருவிகளின் துணையால், தகுதி பெற்ற விமானமும் விமானியும் 50 மீட்டர் பார்வைத் தொலைவிலேயே தரையிறங்கலாம். புறப்படுவதற்கோ 125 மீட்டர் வேண்டும். ஆகவே வந்தது கிளம்பாமல் நிற்கிறது. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர் பார்ப்பதால், அங்கே காலையில் நின்றது இங்கே மதியம் வராமல் போகிறது. தாமதக் காரணங்களுக்கு உலக விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் இரண்டிலக்கப் பட்டியலில் இதன் எண் 93. சேருமிடத்து வானிலைக்கு 72. ‘குழந்தையின் ஒரு ஷூவைக் காணவில்லை’ என்பதற்கு இன்றுவரை எண் ஒதுக்கப்படவில்லை.

நண்பகல் பாலைத் திணைக்கு உரிய சிறுபொழுது. இதை ஆய்வாளர் தற்செயலாகக் கருதவில்லை.

கருப்பொருள்

தெய்வம்: புறப்பாட்டுப் பலகை. எல்லோரும் அண்ணாந்து பார்க்கின்றனர். அது அவ்வப்போது வாக்கு மாறுகிறது. புள்: கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பிறருடைய விமானம். விலங்கு: டிராலி. பறை: எந்த ஊருக்கான அறிவிப்பு என்பது மட்டும் விளங்காத ஒலிபெருக்கி. மரம்: தொட்டியில் நிற்பது, இலையைக் குழந்தை கிள்ளிப் பார்த்து பிளாஸ்டிக் என்று உறுதி செய்தது. தொழில்: பிளக் பாயின்ட் தேடல்.

உணவு தனியே ஆராயத்தக்கது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி, டெல்லி போன்ற இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணங்களுக்கு, தாமதம் மூன்று மணியைத் தாண்டினால் விமான நிறுவனம் உணவு தர வேண்டும் என்கிறது. விதியை எழுதியோர் வயிற்றைப் பெரியவர்களின் கடிகாரத்தால் அளந்துள்ளனர். குழந்தைக்குப் பசி அரை மணிக்கொரு முறை வருகிறது. எதிர் இருக்கைக்காரர் டப்பாவைத் திறந்தால் உடனே வருகிறது.

பிஸ்கட், வாழைப்பழம், பொரி மூன்றையும் ஒப்பிட்டதில் பொரியே முதலிடம் பெற்றது. பிஸ்கட் நான்கு கடியில் முடிகிறது. பழம் பாதி வயிற்றுக்கும் பாதி அப்பாவின் சட்டைக்கும் போகிறது. பொரியை மட்டுமே ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, கீழே போட்டு, அதைத் தேடி, பிறகு வேறொன்றை உண்ண முடிகிறது. பெற்றோர் வாங்குவது உணவல்ல, நேரம் என்பதை நோக்க, பொரிதான் சிக்கனம்.

உரிப்பொருள்

காத்திருத்தல் முல்லைக்கு உரியது. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போன தலைவன் கார் வந்தும் வாராதபோது, ‘இது உண்மையான கார் அல்ல, பருவம் தப்பிப் பெய்யும் மழை’ என்று தோழி ஆற்றுவது மரபு. கவுன்ட்டரில் நிற்கும் பெண் ‘இன்னும் இருபது நிமிஷம்தான் சார், ஏர்கிராஃப்ட் வந்துட்டே இருக்கு’ என்பதும் அதே துறைதான். தோழியும் பொய்யென்று அறிந்தே சொன்னாள். தலைவியும் பொய்யென்று அறிந்தே கேட்டாள்.

ஆகவே பெற்றோரின் உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். குழந்தையினுடையதோ ஓடுதலும் ஓடுதல் நிமித்தமும். காலம் மூன்று என்பது இலக்கணம். இந்த வயதில் கைவசம் இருப்பது நிகழ்காலம் ஒன்றே. ‘அப்புறம்’ என்றால் ‘இல்லை’ என்றுதான் அதற்குப் பொருள். எதிர்காலம் இல்லாதவருக்குத் தாமதம் ஏது? ஒரே நாற்காலியில் இரண்டு திணைகள் அமர நேர்வதால், பெற்றோரின் இருத்தல் விரைவில் துரத்தலும் துரத்தல் நிமித்தமுமாகத் திரிகிறது. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டால் பாலை என்பர். கேட்டில் முல்லை பாலையாவது பொரி தீரும் கணத்தில்.

முன்னோடி ஆய்வுகள்

ஸ்டான்ஃபோர்டின் வால்டர் மிஷெல் 1972-இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு, பின்னாளில் மார்ஷ்மெல்லோ சோதனை என்று பெயர் பெற்றது. இப்போதே ஒரு சிறு தின்பண்டம், அல்லது பொறுத்திருந்தால் அதைவிடப் பிடித்தது. உச்ச நேரம் பதினைந்து நிமிடம். தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் சீக்கிரம் தோற்றனர். மறைத்து வைத்தபோதும் வேறு எதையாவது நினைத்தபோதும் தாக்குப்பிடித்தனர். அவர்கள் மூன்றரை வயதைத் தாண்டியவர்கள். அதற்குக் கீழே உள்ளவரை அவ்வாய்வில் சோதிக்க மிஷெலே துணியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கேட் கட்டியவர்களோ இந்த ஆய்வைப் படித்ததாகத் தெரியவில்லை. தின்பண்டத்தைத் தரை முதல் கூரை வரை கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியுள்ளனர்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதுமுதல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. நல்ல அறிவுரை. அதை எழுதியபோது யாருடைய விமானமும் டெல்லியில் சிக்கியிருக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

கண்டறிந்தவை

அ. கண்ணாடியை விட்டு விலகி, கூட்டமில்லாத வேறொரு கேட்டுக்குப் போவது நலம். அறிவிப்புக்கு ஒருவர் காதும் ஓட்டத்துக்கு ஒருவர் காலும் தேவை. தனியே வந்தவருக்கு இவ்வியலில் ஆறுதல் இல்லை.

ஆ. பணம் கொடுத்து வாங்கிய பொம்மை சீக்கிரம் சலிக்கிறது. காலித் தண்ணீர் பாட்டிலும் பெட்டியின் ஜிப்பும் வெகுநேரம் தாங்குகின்றன. போர்டிங் பாஸும் சிறந்த பொம்மையே. அதைத் தருவதற்கு முன் அலைபேசியில் படம் எடுத்துக்கொள்க. அதன் ஒரு மூலை உண்ணப்படும்.

இ. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பையிலிருந்து எடுத்தவர் முதல் மணியிலேயே நிராயுதபாணி ஆகிறார். அலைபேசி பிரம்மாஸ்திரம். ஒருமுறைதான் விட முடியும்; திரும்பப் பெறும் மந்திரம் பெற்றோரிடம் இல்லை.

ஈ. சிறு குழந்தையுடன் வருவோரை முதலில் ஏற அழைப்பது சலுகையல்ல. அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்கு முன்கூட்டியே மாற்றும் தண்டனை. ஒருவர் பைகளுடன் முதலில் ஏற, மற்றவர் கடைசி அழைப்புவரை குழந்தையை ஓடவிடுவதே உத்தமம். இரண்டு வயது நிறையாதவருக்கு வழக்கமாகத் தனி இருக்கை கிடையாது, பெற்றோர் மடிதான். ஓடிக் களைத்த குழந்தையின் எடை மடியில் கூடுகிறது என்றாலும், அசைவு குறைகிறது.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பட்டது. தாமதத்தால் குழந்தைக்கு யாதொரு பாதிப்பும் இல்லை. ஒரு துணைமுடிவும் எதிர்பாராமல் கிட்டியது. ஏறச் சொல்லி அழைத்த நொடியில் முனையத்தில் எழுந்த பேரொலிகளுள் ஒன்று, கேட்டை விட்டு வர மறுத்த குழந்தையினுடையது. அதன் கணக்கில் இடையூறு என்பது தாமதமல்ல, விமானம்.

மேலாய்வுக்கான பரிந்துரை: இதே களத்தை இரண்டு குழந்தைகளுடன் அணுகினால் புதிய உண்மைகள் வெளிவரலாம். ஆய்வாளர் முறைப்படி விண்ணப்பித்தார். நெறிமுறைக் குழுவான மனைவி, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக்கூடப் படிக்காமல் நிராகரித்துவிட்டார்.